சோப்புப் பாட்டுக்கு ஒரு பட்டம்

வானொலி நிலையத்தை இழுத்து மூடியபோது அவளுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. விளம்பரப் பிரிவில் வேலை. பாட்டுக்கும் செய்திக்கும் நடுவில் எந்த விளம்பரம் ஓட வேண்டும் என்று பார்த்துப் பார்த்து ஓடவிடுவாள். கூட வேலை பார்த்தவர்கள் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு திசையில் போனார்கள். இவள் நேரே பல்கலைக்கழகத்துக்குப் போய், ஊடகத் துறையில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தாள். எடுத்துக்கொண்ட விஷயம் விளம்பரப் பாடல்கள்.

நாத்தனாருக்குச் சிரிப்பு தாளவில்லை. "பாட்டு கேக்கறதுக்குமா பட்டம் தர்றாங்க அண்ணி? அப்ப எங்க வீட்டுக்காரருக்குத் தூங்கறதுக்கு ஒண்ணு வாங்கிக் குடுங்க."

கூரியர் வேன் ஓட்டும் கணவர் மட்டும், "நீ படி, அடுப்பை நான் பாத்துக்கறேன்" என்றார். சொன்ன சொல் தவறவில்லை. உப்புதான் கடைசிவரை அவர் கைக்கு அடங்கவில்லை.

துறையில் எல்லோருக்கும் அவள் 'விளம்பர அக்கா'. ஆய்வுக்கு வழிகாட்டிய நெறியாளர் அம்மா அவளைவிட வயதில் சிறியவர் என்பதால் ஒருவரை ஒருவர் 'மேடம்' என்று அழைத்துக்கொண்டு காலத்தை ஓட்டினார்கள். ஊடகம், சினிமாப் பாட்டு, மக்கள் பண்பாடு என்று வாராவாரம் புதன்கிழமை மதியம் மாடியிலிருந்த நீள அறையில் கருத்தரங்கு நடக்கும். சாப்பிட்டுவிட்டு வந்து உட்காருவதால் பாதிப் பேருக்குக் கண் சொக்கும். தலைமையில் உட்காரும் மூத்த பேராசிரியருக்கு மட்டும் சொக்காது. அவருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் 'சல்லடை'. போன வருடம் இவள் முதல் கட்டுரையை வாசித்து முடித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே சொன்னார்: "சோப்பு விளம்பரத்துல என்னம்மா ஆராய்ச்சி? நுரைதான் இருக்கு."

அறை முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்து வைத்தாள். வீட்டுக்குப் போன பிறகுதான் முகம் சுண்டியது.

இந்த வருடக் கட்டுரைக்குச் சல்லடை தலையசைத்தால்தான் ஆய்வைத் தொடர முடியும். ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொண்டாள். பல வருடம் ஓடிய சலவை சோப்பு விளம்பரம். "அழுக்கே அழுக்கே ஓடிப்போ, அம்மா கையில சோப்பிருக்கு" என்றுதான் முதலில் இருந்தது. பிறகு கம்பெனி அதை "நம்ம கையில சோப்பிருக்கு" என்று மாற்றியது. புது ஒலிநாடா வந்த அன்று அதை ஓடவிட்டதே இவள்தான். கம்பெனி மாற்றியது, கேட்டவர்களும் மாற்றிப் பாடினார்கள். வீட்டு வேலை யாருடையது என்ற பேச்சையே ஒரு விளம்பரம் திருப்பிவிட்டது. இதுதான் அவள் வாதம்.

இரண்டு ஒலிநாடாவையும் போட்டுக் காட்டத் தயாராக நின்றாள். ஒலிபெருக்கி ஒரு முறை கரகரத்துவிட்டு அடங்கியது. டெக்னீஷியன் பின்பக்கம் குனிந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "கருகிப்போச்சு மேடம். இன்னைக்கு ஆகாது."

"அப்ப அடுத்த மாசம் வெச்சுக்கலாம்" என்று சல்லடை ஃபைலை மூடப் போனார்.

"வேண்டாம் சார், நானே பாடறேன்" என்றாள் அவள். வாயிலிருந்து வந்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. குளியலறையைத் தவிர வேறெங்கும் பாடியவள் இல்லை. நெறியாளர் அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

"அழுக்கே அழுக்கே ஓடிப்போ" என்று எடுத்தாள். குரல் தகரத்தில் ஆணி கீறியது போலத்தான் இருந்தது. "மிச்சத்தை நீங்க பாடுங்க" என்றாள்.

 அறை மொத்தமும் சேர்ந்து பாடியது. வயதானவர்கள் 'அம்மா கையில' என்றார்கள், இளையவர்கள் 'நம்ம கையில' என்றார்கள். இரண்டும் மோதிச் சிதறியதில் சொக்கிக் கிடந்தவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவள் எதிர்பார்த்தது அவ்வளவுதான். ஆனால் அதற்கு நடுவில் கனத்த குரல் ஒன்று வேறு எதையோ பாடியது அவள் காதில் விழுந்தது. சத்தம் வந்த பக்கம் திரும்பினாள்.

"சார், நீங்க என்ன பாடினீங்க?"

சல்லடை கண்ணாடியைக் கழற்றினார். "நானா? சரியாத்தான் பாடினேன். அப்பா கையில சோப்பிருக்கு."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "என் வீட்டுக்காரி நர்ஸ். துணி துவைக்கிறது நான். பசங்க அப்படித்தான் பாடுவாங்க. பாட்டே அப்படித்தான்னு இவ்வளவு நாளா நினைச்சிட்டிருந்தேன்."

"இது கம்பெனி மாத்தறதுக்கு முன்னாடியா, பின்னாடியா சார்?"

"ரொம்ப முன்னாடி."

அவளுக்குச் சட்டென்று நினைவு வந்தது. ஆய்வுக்காக அவளுக்குப் பேட்டி கொடுத்தவர்களில் சிலரும் இப்படி வேறு மாதிரி பாடிக் காட்டியிருந்தார்கள். மறதி என்று நினைத்து ஓரங்கட்டி வைத்திருந்தாள். கையிலிருந்த தாள்களை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். "வேற யார் வீட்டுலயாவது மாத்திப் பாடினீங்களா?"

"அக்கா கையில" என்றார் நூலகர். அம்மாவை இழந்து அக்காவிடம் வளர்ந்தவர். "சித்தி கையில" என்றாள் கடைசி வரிசை மாணவி. டெக்னீஷியன் எழுந்து, "எங்க வீட்டுல 'யார் கையில'ன்னு பாடுவோம் மேடம். தினம் அந்தச் சண்டைதான்" என்றார்.

அவள் பேச ஆரம்பித்தாள். தாளைப் பார்க்கவே இல்லை. "நான் எழுதிட்டு வந்தது தப்பு. கம்பெனி மாத்தி ஜனங்க பின்னாடி போகல. ஒவ்வொரு வீடும் தன் கதைக்கு ஏத்த மாதிரி முன்னாடியே மாத்திடுச்சு. கம்பெனிதான் கடைசியா வந்து சேர்ந்துச்சு. நாம சும்மா கேட்டுட்டு இருந்தோம்னு யார் சொன்னது?"

கேள்விகள் குவிந்தன. ஒன்றுக்குக்கூட அவள் திணறவில்லை. தெரியாததைத் தெரியாது என்றாள், தெரிந்ததைப் பிட்டுப் பிட்டு வைத்தாள். நேரம் முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. சல்லடைதான் எல்லோரையும் கையமர்த்தினார்.

"போன வருஷம் நுரைன்னு சொன்னேன். அதை வாபஸ் வாங்கிக்கறேன். தொடரட்டும்."

நெறியாளர் அம்மா மேடம் கீடம் எல்லாம் மறந்து, "அக்கா" என்று கூப்பிட்டு அவளைக் கட்டிக்கொண்டார்.

ஆய்வேடு முழுவதையும் அவள் புதிதாக எழுதினாள். வீடு வீடாகப் போய், மாற்றிப் பாடிய பாட்டுகளைப் பதிவு செய்துகொண்டு வந்தாள். பட்டம் கிடைத்த கையோடு துறையிலேயே வேலையும் கிடைத்தது. இன்று புதன்கிழமைக் கருத்தரங்கை நடத்துவது அவள்தான். இடம் பிடிக்க ஆட்கள் முன்கூட்டியே வருகிறார்கள். மதிய நேரம்தான், ஆனால் யாருக்கும் கண் சொக்குவதில்லை.