மணி அடிக்காத மெஷின்

தண்டலத்துக்குப் பக்கத்தில், பெங்களூர் ரோட்டை ஒட்டிய ஒரு கொட்டகையில்தான் நான் வேலை பார்த்த போட்டோ டைப்செட்டிங் கூடம் இருந்தது. எண்பதுகளின் நடுப்பகுதி. பள்ளிக்கூட இங்கிலீஷ் புத்தகங்களின் கையெழுத்துப் பிரதி மெட்ராஸிலிருந்து வரும். நாங்கள் அதை அச்சுக்கு ஏற்றபடி மெஷினில் அடித்துக் கொடுப்போம். ஏசி உண்டு, எங்களுக்காக இல்லை, மெஷினுக்காக. அந்தக் குளிரில் நாங்களும் உட்கார்ந்திருந்தோம், அவ்வளவுதான்.

அக்காவை அங்கே சேர்த்துவிட்டது நான்தான். புருஷனின் அடி தாங்காமல் படப்பையிலிருந்து பென்னலூருக்கு, எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டவள். அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டார்: வேலை நிலைத்தால் இருக்கலாம், இல்லாவிட்டால் படப்பைக்கே போக வேண்டியதுதான். கல்யாணத்துக்கு முன் தாம்பரத்தில் ஒரு வக்கீலிடம் வருஷக்கணக்கில் டைப் அடித்தவள். கண்ணை மூடிக்கொண்டு அடிப்பாள். மூன்று மாதம் பார்க்கலாம் என்றார் சூப்பர்வைசர். எனக்குத் துளிகூடச் சந்தேகம் வரவில்லை.

அந்த மெஷினில் பக்கம் எப்படி வரும் என்பது திரையில் தெரியாது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் ஓடும், நடுநடுவே நாம் போடும் குறிகள். வரி நடுவில் நிற்க ஒரு குறி, இடது ஓரம் ஒட்டி நிற்க ஒரு குறி, இரண்டு ஓரமும் சமமாக நிற்க இன்னொன்று. வரியை எங்கே முறிப்பது என்பதை மெஷினே பார்த்துக்கொள்ளும். நாமாக முறிக்க வேண்டிய இடத்தில் மட்டும் ரிட்டர்ன் சாவியைத் தட்ட வேண்டும். சரியா தப்பா என்பது, போட்டோவைப் போலக் கழுவி எடுத்த புரோமைடு பேப்பரில்தான் தெரியும்.

அக்காவின் முதல் புரோமைடை சூப்பர்வைசர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஒரு வரி நிறைவாக இருந்தது. அடுத்த வரியில் மூன்றே வார்த்தைகள். ஒன்று இந்த ஓரத்தில், ஒன்று அந்த ஓரத்தில், ஒன்று நடுவில் அநாதையாக. பக்கம் முழுக்க இப்படித்தான், பல் விழுந்த வாய் மாதிரி.

டைப்ரைட்டரில் வரி முடியப்போகும்போது மணி அடிக்கும். இடது கை உருளையைத் தள்ளி அடுத்த வரிக்குக் கொண்டுபோகும். இங்கே மணியும் இல்லை, தள்ள எதுவும் இல்லை. முதல் நாள் அக்காவின் இடது கை காற்றில் எதையோ தள்ளியது, எல்லோரும் சிரித்தார்கள். அதை அடக்கினாள். அதற்குப் பதிலாக வலது சுண்டுவிரல் பழகிக்கொண்டது. டைப்ரைட்டர் வரியின் நீளம் வந்ததும் ரிட்டர்னைத் தட்டிவிடும். புத்தக வரியோ அதைவிடக் குட்டை. மிச்சம் விழுந்த வார்த்தைகளை மெஷின் இழுத்து ஓரத்துக்கு ஓரம் நிறுத்தும். சொன்னதைச் செய்கிறது, அதைத் திட்டி என்ன பயன்.

“இன்னாடி பண்றது, காதுக்குள்ள மணி அடிக்கிது. கை தானா போவுது,” என்றாள் அக்கா.

செய்து பார்க்காதது இல்லை. சுண்டுவிரலில் நூல் கட்டினோம். சாவியின்மேல் பிளாஸ்திரி ஒட்டினோம். பிளாஸ்திரியோடு சேர்த்துத் தட்டினாள். மெதுவாக அடித்துப் பார்த்தாள். தப்பும் குறைந்தது, வேலையும் குறைந்தது. சாப்பாட்டு நேரத்தில் அவள் அடித்ததில் இருக்கும் வேண்டாத முறிவுகளை நான் உட்கார்ந்து அழிப்பேன். கோபம் கோபமாக வரும். ஒரு விரலை அடக்க முடியாமலா அந்த ஆளிடம் திரும்பிப் போகப்போகிறாய் என்று கத்தவேண்டும்போல இருக்கும். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த முறிவை அழிப்பேன்.

ஒரு வாரம் செய்யுள் பகுதி வந்தது. செய்யுளில் ஒவ்வொரு வரியையும் நாம்தான் முறிக்க வேண்டும். அக்காவின் பக்கங்கள் ஒரு திருத்தமும் இல்லாமல் வந்தன, சூப்பர்வைசரே பாராட்டினார். அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தனக்குள்ளே சிரித்துக்கொண்டு வந்தாள். நானும் நம்பித் தொலைத்தேன். பாடப் புத்தகத்தில் செய்யுள் எத்தனை பக்கம் இருந்துவிடப் போகிறது? அடுத்து உரைநடை வந்தது. பழைய கதைதான்.

மூன்று மாதம் முடிந்ததும் சூப்பர்வைசர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். கெட்ட மனுஷன் இல்லை, அதுதான் எரிச்சல்.

“தப்பா நெனச்சுக்காதம்மா,” என்றார் அக்காவிடம். “பேப்பர் வீணாவுது, ஓனர் என்னைத்தான் கேக்கறாரு. நீயே எழுதிக் குடுத்துட்டுப் போயிடு.”

ஆபீஸ் அறையில் கடிதம் அடிக்க ஒரு பழைய டைப்ரைட்டர் இருந்தது. அக்கா அதில் உட்கார்ந்து தன் ராஜினாமாவை அடித்தாள். கதவு திறந்தே கிடந்தது. ஒவ்வொரு வரிக்கும் மணி அடித்தது, உருளை நகர்ந்தது. கூடத்தில் எல்லோரும் தலை நிமிர்ந்து பார்த்தார்கள். நான் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சூப்பர்வைசர் அதைக் கொண்டுவந்து, எவ்வளவு சுத்தமாக அடித்திருக்கிறாள் பார் என்று என்னிடமே காட்டினார்.

பஸ்ஸுக்காக இருவரும் ரோட்டோரம் நின்றோம். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அவளைப் படப்பையில் கொண்டுபோய் விட்டுவிடுவார் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

“மணி சத்தம் உள்ள கேட்டுச்சா?” என்றாள்.

“கேட்டுச்சுக்கா.”

“நல்லா அடிக்கிது இல்ல,” என்று சொல்லிவிட்டு, பஸ் வருகிற பக்கம் திரும்பிக்கொண்டாள்.