செவ்வாய்க்கிழமைப் பெட்டியில் நான்கு சிங்களச் சீட்டுகள்

நம் பங்குக் கோயில் இதழில் சாட்சி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் தொடங்குவார்கள். எனக்கு வந்த துன்பம் ஒரு ரேஷன் கார்டு விண்ணப்பத்தில் தொடங்கியது. இருபத்தைந்து வருடங்களுக்கு முன் நடந்தது. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் இந்த நேரத்திலாவது சொல்லாவிட்டால் நன்றிகெட்டவன் ஆவேன் என்பதால் எழுதுகிறேன்.

என் அப்பா தூத்துக்குடிக்காரர். வாலிபத்தில் கொழும்புக்குப் போய் ஒரு கப்பல் கம்பெனி ஆபீசில் உட்கார்ந்தவர் கடைசிவரை எழுந்திருக்கவில்லை. நான் பிறந்து வளர்ந்தது கொழும்புக் கொட்டாஞ்சேனையில். கொழும்புத் துறைமுகத்தில், வந்திறங்கும் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவிக்கும் கிளார்க்காக இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். எந்தப் படிவம் எந்த மேசைக்கு எத்தனை பிரதி போக வேண்டும் என்பது எனக்கு மந்திரத்தை விட நன்றாக மனப்பாடம். என் மனைவி அக்னஸ் நீர்கொழும்பில் பிறந்த சிங்களக் கத்தோலிக்கப் பெண். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் பேசியதெல்லாம் சிங்களம். அவளுக்குத் தெரிந்த தமிழ் மீன் வாங்கப் போதும், மீன்காரியோடு சண்டை போடப் போதாது.

எழுபதுகளின் தொடக்கத்தில் என்னைப் போல இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தவர்கள் பலர் அங்கிருந்து கிளம்ப வேண்டியதாயிற்று. ‘தாயகம் திரும்புதல்’ என்று என் காகிதத்தில் எழுதியிருந்தது. அதுவரை கண்ணால் பார்த்திராத ஊருக்கு நான் திரும்பிக்கொண்டிருந்தேன்.

தலைமன்னாரில் கப்பல் ஏறியதுமே ஒரு விதி செய்தேன். இனி வீட்டில் தமிழ் மட்டும். அவள் சீக்கிரம் பழக வேண்டும் என்பது நோக்கம். விதி எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் நோக்கம் நல்லதாகத்தான் இருக்கிறது. தூத்துக்குடியில் அப்பாவின் பழைய வீட்டில் ஒரு பகுதி எங்களுக்குக் கிடைத்தது. அங்கே அவள் சிங்களத்தில் ஏதாவது கேட்டால், காதில் விழாதது போல் இருந்துவிடுவேன். இரண்டு மாதத்தில் அவள் கேட்பதை நிறுத்தினாள். பழகிவிட்டாள் என்று நான் முடிவு செய்தேன்.

எனக்கு ஒரு தோணி ஏஜென்டிடம் வேலை கிடைத்தது. புதுத் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்த சமயம் அது. பழைய துறைமுகத்திலிருந்து பாய்மரத் தோணிகள் வெங்காயமும் வற்றலும் ஏற்றிக்கொண்டு, நான் விட்டுவந்த கொழும்புக்கே போய்க்கொண்டிருந்தன. வேலைக்குச் சேர்ந்த ஆறாவது நாள், சரக்குப் பட்டியலுக்கு மூன்றாவது பிரதி எங்கே என்று கேட்டேன். முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“கொழும்பு அண்ணாச்சி, தோணி காத்தப் பாத்துத்தான் போவும். ஒம்ம காகிதத்தப் பாத்துப் போவாது.”

அன்று முதல் ஆபீசில் எனக்குப் பெயர் கொழும்பு அண்ணாச்சி. கொழும்பில் என்னை இந்தியாக்காரன் என்றார்கள். நான் இரண்டையும் கோப்பில் வைத்துக்கொண்டேன்.

ஊருக்கு வந்து எட்டாவது மாதம் ரேஷன் கார்டுக்கு விண்ணப்பித்தேன். காகிதங்களைப் புரட்டிய எழுத்தர் ஒரு இடத்தில் நின்றார்.

“அண்ணாச்சி, அம்மாவோட பாஸ்போர்ட் வெளிநாடுல்லா? தங்குறதுக்கு வாங்குன அனுமதி அஞ்சு மாசத்துக்கு முன்னாலயே முடிஞ்சு போச்சே. பதிவு பண்ணலியா?”

பதிவு செய்யவில்லை. கொழும்பில் எத்தனையோ மாலுமிகளுக்கும் வியாபாரிகளுக்கும் அந்தப் பதிவை நானே முன்னின்று செய்து கொடுத்திருக்கிறேன். இறங்கிய இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும் என்பதை யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அவள் பாஸ்போர்ட்டையும் என் பாஸ்போர்ட்டையும் ஒரே உறையில் போட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அக்னஸ் ஒரு வெளிநாட்டவர் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அப்போதைய மாவட்டத் தலைநகரில் வெளிநாட்டவர் பதிவுக்கென்று இருந்த அலுவலகத்துக்கு அவளைக் கூட்டிப்போனேன். அதிகாரி ஓய்வுக்கு நெருங்கிய வயதுக்காரர். என் விளக்கக் கடிதத்தை முழுவதும் படித்தார். பிறகு அதை மூடி வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

“ஏம்மா, இங்கன தங்குறதுக்கு ஒங்களுக்குச் சம்மதமா?”

“சம்மதம் ஐயா” என்றேன் நான்.

“ஓய், நீரு சும்மா இரும். கேள்வி அந்தம்மாவுக்கு.”

மறுபடி கேட்டார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மறுபடி, “அவளுக்குத் தமிழ் சரளமாக வராது, சம்மதம்தான்” என்றேன்.

“சம்மதத்த நீரே சொல்லுதீரு. அப்ப நீரே தங்கிக்கிடும்” என்றார் அவர். “அடுத்த மாசம் இதே தேதிக்குக் கூட்டிட்டு வாரும். அவங்க வாயால சொல்லணும். இல்லன்னா ஊருக்குத் திரும்பச் சொல்லி எழுதுறதத் தவிர எனக்கு வேற வழி இல்ல.”

அவர் செய்தது முழுக்க முறையானது. அதுதான் வேதனை. திரும்பும் பஸ்ஸில் வல்லநாடு தாண்டும் வரை கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவள் போனால் நான் பின்னால் போக முடியாது. எனக்கு அங்கே அனுமதி இல்லை. அவளுக்கு இங்கே இல்லை. நடுவில் கடல். எந்தப் படிவமும் நினைவுக்கு வரவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக எனக்கு அடுத்த மேசை எது என்று தெரியவில்லை.

எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். “ஐயா, நான் என் கணவருடன் இந்நாட்டில் நிரந்தரமாக வசிக்க மனப்பூர்வமாக விரும்புகிறேன்” என்று ஒரு வாக்கியம் எழுதி, சிங்கள எழுத்திலும் பெயர்த்துக் கொடுத்து, காலையில் பத்து முறை, மாலையில் பத்து முறை சொல்ல வைத்தேன். அவள் சொன்னாள். மனப்பூர்வமாக என்ற இடத்தில் மட்டும் ஒவ்வொரு முறையும் தடுக்கியது. உச்சரிப்புச் சிக்கல் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமைதோறும் அந்தோனியார் கோயில் நவநாள் ஜெபத்துக்குப் போவோம். அவள் பெண்கள் பக்கம், நான் ஆண்கள் பக்கம். பீடத்தருகே விண்ணப்பப் பெட்டி ஒன்று உண்டு. வேண்டுதலைச் சீட்டில் எழுதிப் போட்டால், உபதேசியார் எடுத்துச் சபை முன் வாசிப்பார். நானும் போட்டேன். இன்ன தேதி விசாரணையில் என் மனைவி வாய் திறந்து சம்மதம் சொல்லும்படி வேண்டுகிறேன். கீழே தேதி, கையொப்பம். புனிதருக்கு எழுதும்போது கூட கையொப்பமில்லாத மனுவை என்னால் கொடுக்க முடியவில்லை.

முதல் விசாரணைக்குப் பிந்தைய இரண்டாவது செவ்வாய். நவநாள் முடிந்து அக்னஸ் முன்னால் வீட்டுக்குப் போய்விட்டாள். உபதேசியார் சவரிமுத்து என்னைப் பீடத்துக்குப் பின்னால் திருப்பண்ட அறைப் பக்கம் கூப்பிட்டார்.

“அண்ணாச்சி, நீங்க அந்தப் பக்கம் இருந்தவங்கல்லா. இது என்ன பாசைன்னு பாருங்க. நாலு வாரமா வாரத்துக்கு ஒண்ணு வருது. முறுக்குப் புழிஞ்ச மாதிரி இருக்கு. நானும் ‘ஒரு குடும்பத்தின் கருத்துக்காக’ன்னு சமாளிச்சி வாசிச்சிருதேன்.”

நான்கு சீட்டுகளையும் மேசையில் வைத்தார். எங்கள் பால்காரர் கணக்கு எழுதும் நோட்டிலிருந்து கிழித்த தாள். எழுத்து எனக்கு இருபது வருடமாகத் தெரிந்த எழுத்து.

முதல் சீட்டு: “அந்தோனியாரே, என்னை ஊருக்கு அனுப்பும். அக்கா வீட்டில் எனக்கு இடம் இருக்கிறது.”

இரண்டாவது: “அனுப்ப முடியாவிட்டால், பேசுவதற்கு ஒரு ஆளைக் கொடும். நாளுக்கு அரைமணி போதும்.”

மூன்றாவது: “நேற்று பூனையிடம் பேசினேன். அது கேட்டுக்கொண்டது. ஆனால் அதற்கு ஞானஸ்நானம் இல்லை.”

நான்காவது கொஞ்சம் நீளம். “ஆபீசில் சொல்ல எனக்கு ஒரு பொய்யை மனப்பாடம் செய்விக்கிறார். சொன்னால் எனக்குப் பாவம், சொல்லாவிட்டால் அவருக்கு அவமானம். என்ன செய்யட்டும்? அவர் கெட்டவர் இல்லை. காகிதங்களோடு நன்றாகப் பேசுவார்.”

ஒரே பெட்டி. அதில் நான் அவளை இங்கே நிறுத்தும்படி மனுப் போட்டிருக்கிறேன். அவள் அங்கே அனுப்பும்படி மனுப் போட்டிருக்கிறாள். புனிதர் எப்படித்தான் உத்தரவு போடுவார்?

“என்ன போட்டிருக்கு அண்ணாச்சி? யாருக்கும் சொகமில்லையோ?”

“ஆமா. வீட்டுக்காரருக்குச் சுகமில்லைன்னு போட்டிருக்கு.”

“அடப் பாவமே. ரொம்ப முடியலியோ?”

“ரொம்ப நாளாவே.”

“அடுத்த வாரம் சேத்து வாசிச்சிருதேன். கவலப்படாதீங்க.”

அவர் விளக்கை அணைக்கப் போனார். நான் பெட்டியருகே நின்று ஒரு சீட்டு எழுதிப் போட்டேன். என் முந்தைய மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், அவள் கேட்டதைச் செய்யவும். கையெழுத்துப் போட மறந்துவிட்டேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

வீட்டில் அக்னஸ் சோறு போட்டாள். மன்னிப்புக்கான வாசகம் சிங்களத்தில் எனக்குச் சரியாக அமையவில்லை. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “குழம்பில் உப்பு கூடிவிட்டது” என்று சிங்களத்தில் சொன்னேன்.

கையிலிருந்த கரண்டியை அவள் கீழே வைத்தாள். “எட்டு மாதமாகக் கூடித்தான் இருக்கிறது” என்றாள். “உங்களுக்கு நாக்கே போய்விட்டது என்று நினைத்தேன்.”

பிறகு பேசத் தொடங்கினாள். மீன்காரியைப் பற்றி, கிணற்றின் உப்புத் தண்ணீரைப் பற்றி, பூனையைப் பற்றி, என்னைப் பற்றி. என்னைப் பற்றிச் சொன்னதில் எதையும் மறுக்க முடியவில்லை. சோறு ஆறிப்போனது. கடைசியில், உன் சீட்டுகளைப் படித்தேன் என்று சொன்னேன். அவள் கோபப்பட்டாள். நியாயமான கோபம். பிறகு அழுதாள்.

“ஊருக்குப் போக வேண்டுமென்றால் போ. அதற்குரிய காகிதங்களை நானே செய்து தருகிறேன்” என்றேன்.

செய்தேன். பத்து நாள், ஆபீஸ் முடிந்து வந்து அந்த ஒரு வேலைதான். பயணத்துக்கான விண்ணப்பம், தாமதத்துக்கான விளக்கம், அக்காவுக்குக் கடிதம், எல்லாவற்றிலும் அவள் பெயர், அவள் பிறந்த ஊர், அவள் பெற்றோர் பெயர். அக்னஸ் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். அவள் பாட்டி பெயர் கூட எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மனப்பாட வாக்கியத்தை நிறுத்திவிட்டோம்.

அடுத்த செவ்வாய் சவரிமுத்து சொன்ன சொல் தவறவில்லை. “நீண்ட நாளாகச் சுகமில்லாமல் இருக்கும் ஒரு கணவருக்காக” என்று கணீரென்று வாசித்தார். “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்று கோயில் முழுவதும் சொன்னது. பெண்கள் பக்கமிருந்து அக்னஸ் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அந்தோனியார் சுரூபத்தைப் பார்த்துக்கொண்டேன்.

விசாரணை நாள் வந்தது. கோப்பு என் மடியில் இருந்தது. அதிகாரி அதே கேள்வியைக் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

அக்னஸ் எழுந்து நின்றாள்.

“இருக்கேன் ஐயா. ஆனா வருசத்துக்கு ஒரு தடவ அக்காவப் பாக்கப் போவேன். திரும்பி வாரதுக்கும் தாள் தரணும்.”

அதிகாரி என்னைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். “இது இவரு சொல்லிக் குடுத்ததாம்மா?”

“இல்ல ஐயா. இவரு சொல்லிக் குடுத்தது ரொம்ப நீளம்.”

அவர் சிரித்தார். அந்த அலுவலகத்தில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை போலும், பக்கத்து மேசைக்காரர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். தாமதத்துக்கு எனக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை. அவளுக்கு ஒரு வருட அனுமதி, போய்வர வசதியோடு. அதன்பின் அவள் குடியுரிமைக்கு விண்ணப்பித்துப் பெற்றதெல்லாம் வழக்கமான நடைமுறை. அதைச் சாட்சியாக எழுதினால் இதழில் இடம் போதாது.

பஸ்ஸில், ஏன் மனம் மாறினாய் என்று கேட்டேன். வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். “ஊர் முழுவதற்கும் காகிதம் எழுதினீர்கள். எனக்காக எழுதியது இதுதான் முதல். அதுவும் என்னை அனுப்புவதற்கு. அதிலே ஒரு அடித்தல் கூட இல்லை.” பிறகு என் பக்கம் திரும்பி, “அரைமணி நேரத்தை மறந்துவிடாதீர்கள்” என்றாள்.

மறக்கவில்லை. அந்த வேலையிலேயே இருபது வருடம் இருந்து ஓய்வு பெற்றேன். என்ன சரக்கு, எந்தத் தோணி என்றாலும் மாலை ஆறு மணிக்கு வீட்டில் இருப்பேன். அரைமணி என்பது பெரும்பாலும் நீண்டுவிடும். அவள் தமிழ் இப்போது என் தமிழை விட நம்மூர்த் தமிழ். மீன்காரியோடு சண்டையும் போடுகிறாள். வருடத்துக்கு ஒரு முறை அக்காவைப் பார்க்கப் போனாள். கடலில் போக்குவரத்து நின்று, கலவரம் வந்து, சில வருடங்கள் போக முடியாமலும் இருந்தது. போன ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தாள்.

திரும்பப் பெற்ற மனுவின் மேல் உத்தரவு போட எந்த அலுவலக விதியிலும் இடமில்லை. என் மனுவின் மேல் போடப்பட்டது. எதிரெதிரான இரண்டு மனுக்களையும் ஒரே உத்தரவில் முடித்துவைத்தார்கள். நாற்பது வருட ஆபீஸ் அனுபவத்தில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. இதை ஆண்டவர் அந்தோனியார் வழியாகச் செய்தார் என்று நான் நம்புகிறேன். வேறு விளக்கம் உள்ளவர்கள் எனக்கு எழுதலாம்.

வெளியூரிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வந்து நம் பங்கில் புதிதாகக் குடியேறியிருப்பவர்கள் இதைப் படித்தால், பயப்பட வேண்டாம். செவ்வாய்க்கிழமை வாருங்கள். உங்களுக்கு வரும் மொழியில் எழுதிப் போடுங்கள். போய்ச் சேருகிறது.

அக்னஸ் இன்றும் வாரம் ஒரு சீட்டுப் போடுகிறாள். இன்றும் சிங்களத்தில்தான். சவரிமுத்துவுக்குப் பிறகு வந்த உபதேசியார் இளைஞர். போன மாதம் ஒன்றைக் கொண்டுவந்து, “பெரியவரே, இதக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்களேன்” என்றார்.

மடித்தபடியே அவர் கையில் திருப்பிக் கொடுத்தேன். அது எனக்கு வந்த கடிதம் இல்லை.