படியேறும் லிஃப்ட்காரர்

லிஃப்ட்காரர் கருவிப் பெட்டியை லிஃப்டுக்குள் வைத்து, ஐந்தாம் மாடிப் பொத்தானை அழுத்திவிட்டு, கதவு மூடுவதற்குள் கையை வெளியே இழுத்துக்கொள்கிறார். பெட்டி லிஃப்டில் போகிறது. பெட்டிக்குச் சொந்தக்காரர் படியேறுகிறார். மேலே இருக்கும் மெக்கானிக் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு, முதலாளி மூச்சிரைக்க வந்து சேரும்வரை சுவரில் சாய்ந்து நிற்பார்.

"ஏன் சார், உங்க லிஃப்ட் மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?" என்று காவலாளி ஒருமுறை கேட்டார்.

"நம்பிக்கை நிறைய இருக்கு. தொப்பையும் நிறைய இருக்கே" என்று வயிற்றைத் தட்டிக் காட்டினார் லிஃப்ட்காரர்.

அந்தத் தொப்பை அவருக்குப் பெரிய உபகாரம் செய்திருக்கிறது. அதைக் காட்டியே மூன்று வருடமாக ஊரை ஏமாற்றி வருகிறார். லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனம் அவருடையது. பத்துப் பதினைந்து பேர் அவரை நம்பிக் குடும்பம் நடத்துகிறார்கள். மூடிய கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "இதுக்குத் தொண்டை கட்டியிருக்கு, எண்ணெய் விடுங்க" என்பார். எண்ணெய் விட்டதும் சத்தம் நின்றுவிடும். ஆனால் உள்ளே மட்டும் கால் வைக்க மாட்டார். முதலாளிக்கே பயம் என்று வெளியே தெரிந்தால் யார் வேலை கொடுப்பார்கள்?

தொழில் போனால்கூடப் பார்த்துக்கொள்ளலாம். மகளும் பேரக்குழந்தையும் குடியிருப்பது ஒன்பதாம் மாடியில். அவர் முழங்காலுக்கு ஐந்து மாடியே அதிகம். அவள் தானாகத் தேர்ந்தெடுத்துக் கட்டிக்கொண்ட மாப்பிள்ளை, தங்கமான பையன். கூப்பிடும்போதெல்லாம் "வேலை இருக்கும்மா" என்று மாமனார் நழுவினால் அந்தப் பையன் என்ன நினைப்பான்? தன்னைப் பிடிக்கவில்லை என்றுதான் நினைத்தான். மகளும் அப்படியே நினைத்து, கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டாள். அப்பா வீட்டுக்கு வந்தாலும் விருந்தாளி மாதிரி உட்கார்ந்துவிட்டுப் போனாள். இது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவர் ஊருக்கு வெளியே உள்ள குன்றுக்குப் போவார். பேக்கரி நடத்தும் அம்மாள் சேர்த்த கூட்டம் அது. எல்லோரும் சொந்தத் தொழில் செய்பவர்கள், வீட்டிலும் கடையிலும் எதையும் சொல்ல முடியாதவர்கள். ஒற்றையடிப் பாதை, ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். முன்னால் போகிறவர் பேச வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. பின்னால் வருகிறவர்கள் புத்திமதி சொல்லக் கூடாது, "அப்புறம்?" என்று கேட்கலாம். மற்றபடி இலைச் சருகு மிதிபடும் சத்தம்தான். மேலே கூரை இல்லாத அந்த இடத்தில்தான் லிஃப்ட்காரருக்கு மூச்சு அடிவயிறுவரை போய் வரும். ஆனால் அவர் எப்போதும் கடைசி ஆள். முன்னால் போகச் சொன்னால் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்துவிடுவார்.

அன்று மெத்தைக் கடைக்காரர் முன்னால் நடந்தார். "கடை முழுக்க மெத்தை. ஒண்ணுல படுத்தாலும் தூக்கம் வரல. வர்றவங்ககிட்ட, 'படுத்ததும் தூங்கிடுவீங்க'ன்னு கூசாம சொல்றேன்" என்றார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சொன்னவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, மகன் பேசாமல் போய்விட்ட கதையைச் சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கினார்.

அடுத்து யார் என்று பேக்கரி அம்மாள் கேட்பதற்குள் லிஃப்ட்காரர் விறுவிறுவென்று முன்னால் போய்விட்டார்.

"மூணு வருஷம் முன்னாடி என் வீட்டுக்காரிய ஸ்ட்ரெச்சர்ல வச்சு ஆஸ்பத்திரி லிஃப்ட்ல கொண்டுபோனோம். கையப் பிடிச்சிருந்தேன். நாலாவது மாடில இருந்தா. ஆறாவது மாடில இல்ல."

"அப்புறம்?" என்றார் பேக்கரி அம்மாள், மெதுவாக.

"லிஃப்ட் நல்லாத்தான் ஓடுச்சு. ஒரு குலுக்கல் இல்ல. அதுதான் எனக்குத் தாங்கல. பொண்ணுகிட்ட, 'வார்டுல, தூக்கத்துலயே போயிட்டா'ன்னு சொல்லிட்டேன்."

எதிரே ஓடை சலசலத்துக்கொண்டிருந்தது. அவர் வாய்விட்டு அழுதார். ஓடை தாண்டும்போது நின்று முகம் கழுவிக்கொண்டார். இறங்கும்போது மெத்தைக்காரரிடம், "பசிக்குது" என்றார். இத்தனை நாளில் அவர் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

குன்றிலிருந்து நேராக மகள் வீட்டுக்குப் போனார். கீழே, லிஃப்டுக்கு எதிரே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து அவளை இறங்கி வரச் சொன்னார். சொன்னால் கோபிப்பாளோ என்ற பயத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

மகள் அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "அம்மா கை உங்க கையிலதானே இருந்துச்சு? அது போதும்ப்பா" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இதை முன்னாடியே சொல்லியிருந்தா, உங்க மாப்பிள்ளை உங்களுக்குப் பிடிக்கணும்னு உங்க வீட்டுக்கு வர்றப்பெல்லாம் ஒரு சட்டை மாத்திப் பார்த்திருக்க மாட்டார்" என்றாள். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் கணவனைப் போனில் கூப்பிட்டாள். "அப்பா மேல வர மாட்டார். சாப்பாட்டைக் கீழ கொண்டு வாங்க. மேசையோட."

சற்று நேரத்தில் லிஃப்ட் திறந்தது. ஒரு கையில் குழந்தை, தோளில் சாப்பாட்டுப் பை, எதிரே குறுக்காகச் சிக்கிக்கொண்ட மடக்கு மேசை என்று மாப்பிள்ளை திணறிக்கொண்டு நின்றான். "மாமா, கொஞ்சம் பிடிங்க" என்றான்.

கதவு மூடிக்கொள்ளப் பார்த்தது. லிஃப்ட்காரர் எழுந்து போய், வலது காலை உள்ளே வைத்து, கதவை முதுகால் தடுத்துக்கொண்டு, இரண்டு கையையும் குழந்தைக்காக நீட்டினார்.