நேராக மட்டும் ஓடும் கார்

நான் ஊசியைக் கிட்டே கொண்டுபோனபோது அந்தப் பெரியவர் தன் கையை இழுத்துக்கொண்டார். "நீ வேண்டாம்மா. வேற யாரையாவது கூப்பிடு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. என் கையைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். ஊசி முனை அவருடைய நரம்புக்கு மேலே அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

செம்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பதுதான் என் வேலை. நரம்பு கிடைக்காத கைகளை எல்லாம் என்னிடம்தான் அனுப்புவார்கள். மருந்து ஏற்றி ஏற்றிக் கறுத்துப்போன கைகள், சதை போட்ட கைகள், பிறந்து சில நாளே ஆன குழந்தைகளின் கைகள். விரலால் தடவிப் பார்ப்பேன், ஒரே குத்து, முடிந்தது. அங்கே எனக்கு இருந்த மரியாதை முழுவதும் என் வலது கையில்தான் இருந்தது. நாற்பத்தைந்து வயதைத் தாண்டியதும் அந்தக் கை நடுங்க ஆரம்பித்தது. மடியில் சும்மா கிடந்தால் ஆடாது. ஒரு காரியத்துக்குத் தூக்கினால் ஆடும்.

மேனேஜர் என்னைக் கவுன்டருக்கு மாற்றினார். "ஆராமா, அலட்டிக்காம உட்கார்ந்து குழாய்ல ஸ்டிக்கர் ஒட்டுங்க, போதும்" என்றார். கூட வேலை செய்கிற பெண்கள் எனக்கு டீயை அரை கிளாஸ்தான் ஊற்றினார்கள், சிந்தக்கூடாது என்று. வீட்டில் என் கணவர் குழம்புச் சட்டியை நான் தொடுவதற்குள் தூக்கிக்கொண்டு போனார். எல்லாரும் நல்லவர்கள். எல்லாருமாகச் சேர்ந்து என் கையிலிருந்து ஒவ்வொரு பொருளாக வாங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தை யாரிடமும் காட்ட முடியவில்லை. நல்லது செய்கிறவர்கள் மேல் எப்படி எரிந்து விழுவது?

மாட்டுங்காவில் ஒரு நரம்பு டாக்டரிடம் போனேன். தமிழர்தான், அங்கேயே பிறந்து வளர்ந்தவர். என்னை ஒரு காகிதத்தில் வட்டம் வட்டமாக வரையச் சொன்னார். நான் வரைந்தது முள்வேலி மாதிரி இருந்தது. "பயப்படாதீங்கோ. உயிருக்கு ஆபத்தான வியாதி இல்லை. மாத்திரையில கொஞ்சம் அடங்கும். முழுசாப் போகாது" என்றார். பிறகு அன்பாக, "நுணுக்கமான வேலை எல்லாம் இனிமே வேண்டாமே. என்னத்துக்கு மனசைக் கஷ்டப்படுத்திக்கணும்?" என்றார்.

தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ஒரு கடை. பட்டம், பந்து, பிளாஸ்டிக் விமானம் என்று பொழுதுபோக்குச் சாமான்கள் விற்கிற கடை. கண்ணாடிக்குள் ஒரு பெட்டி இருந்தது. அதன் மேல் ஒரு காரின் படம். அப்படி ஒரு காரை நான் பார்த்ததே இல்லை. உடம்பு ஏணி மாதிரி ஒல்லியாக நீண்டு கிடந்தது. முன்னால் சைக்கிள் சக்கரம் போல இரண்டு, பின்னால் கிரைண்டர் கல் மாதிரி தடித்த இரண்டு. மேலே மூடி இல்லாத ஒரு பெரிய இன்ஜின். ஓட்டுகிறவன் எல்லாவற்றுக்கும் பின்னால், பின்சக்கரங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான்.

"இது என்ன வண்டி?" என்று கேட்டேன்.

கடைக்காரர் ஹிந்தியில் விளக்கினார். டிராக் ரேஸ் கார், அமெரிக்காவில் அந்தக் காலத்தில் ஓடியது. நேர்கோட்டில் கால் மைல் மட்டும் ஓடும், நிறுத்தப் பின்னால் பாராசூட் விரியும். பெட்டிக்குள் துண்டு துண்டாக இருக்கும், நாம்தான் ஒட்டி, பெயின்ட் அடிக்க வேண்டும். அவர் பெட்டியை எடுத்துக் கொடுத்தார், நான் வாங்க நீட்டிய கையைப் பார்த்தார். "மேடம், யாருக்கு? பஹுத் பாரீக் காம் ஹை. இதைவிடப் பெரிய துண்டா வேற காட்டட்டுமா?"

ரொம்ப நுணுக்கமான வேலையாம். ஒரே காலை நேரத்தில் இரண்டு பேர் அதே வார்த்தையைச் சொல்லிவிட்டார்கள்.

"எனக்குத்தான். இதையே பேக் பண்ணுங்க" என்றேன்.

அதுவரை கார்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை. அன்று அந்தக் கடையில் கப்பல் இருந்திருந்தால் கப்பலைத்தான் வாங்கியிருப்பேன்.

வடாலாவில் எங்கள் வீடு ஒரு ஹாலும் சமையலறையும்தான். என் கணவர் அணுசக்தி நகர் ஆட்களை ஏற்றிப் போகும் ஸ்டாஃப் பஸ்ஸின் டிரைவர். அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "திரும்பவே செய்யாதா இது? நேராத்தான் போவுமா?"

"ஆமா."

"முன்வீல்ல பிரேக்கே இல்லியேளா. ஓட்டுனவனுக்கு வீட்டுல சொல்லுதுக்கு ஆள் இல்லியோ?" என்றார். சொல்லிவிட்டு என் கையைப் பார்த்தார். "எதுக்கு இந்தப் பாடு உனக்கு?" என்று கேட்க வந்தவர் கேட்காமல் கை கழுவப் போய்விட்டார்.

முதல் மாதம் முழுக்கத் தோல்வி. இன்ஜினின் இரண்டு பாதிகளையும் கோணலாக ஒட்டினேன். பசை வழிந்து என் கைரேகை பிளாஸ்டிக்கில் பதிந்தது. முன்சக்கர அச்சு என் விரலிலேயே ஒடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்டீயரிங் சக்கரம் என்கிற சட்டைப் பொத்தான் அளவு துண்டை இடுக்கியால் பிடித்தேன். கை உதறிய உதறலில் அது எங்கோ தெறித்துவிட்டது. நான் இடுக்கியைச் சுவரில் வீசினேன். கணவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் தவழ்ந்தார். துண்டைக் கண்டுபிடித்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"விட்ருளா. இது சோறா போடப்போவுது?"

"சோறு போடாததுனாலதான் விடமாட்டேன்" என்றேன். "வேலையை எடுத்துக்கிட்டாங்க, சரின்னேன். சட்டியை நீங்க எடுத்துக்கிட்டீங்க, சரின்னேன். இது என் சாமான். இதை நான் கெடுத்தா யாருக்கும் நஷ்டமில்ல. கெடுக்கவாவது எனக்கு விடுங்க."

அவர் போய் இடுக்கியையும் தேடி எடுத்துவந்து மேசையில் வைத்தார்.

அதற்குப் பிறகு நான் கையோடு மல்லுக்கட்டுவதை நிறுத்திவிட்டு, அது எப்போது ஆடுகிறது என்று கவனிக்க ஆரம்பித்தேன். அந்தரத்தில் நீட்டினால் ஆட்டம் அதிகம். மணிக்கட்டை ஏதாவது ஒன்றின் மேல் அழுத்தினால் குறையும். முழங்கையையும் ஊன்றினால் இன்னும் குறையும். சப்பாத்திப் பலகையைக் கவிழ்த்து வைத்து அதன் விளிம்பில் மணிக்கட்டை ஊன்றினேன். துணி காயப்போடும் கிளிப்பில் துண்டைக் கவ்வ வைத்தேன். பிரஷ்ஷைத் துண்டிடம் கொண்டுபோகாமல், இடது கையால் துண்டைப் பிரஷ்ஷிடம் கொண்டுவந்தேன். பசையை ஊசி முனையில் தொட்டு இணைப்பில் வைத்தால் அது தானே உள்ளே ஓடிப் பரவிக்கொள்ளும். ஊசி பிடிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டீ குடித்தால் நடுக்கம் கூடுகிறது என்று தெரிந்ததும், காலையில் டீக்கு முன்னால் வேலை, வேலைக்குப் பின்னால் டீ என்று மாற்றினேன். பால்காரர் வருகிற நேரத்தில் நான் மேசையில் குனிந்திருப்பேன்.

ஒடிந்த அச்சுக்குப் பதில் ஒரு குண்டூசியை வெட்டிப் போட்டேன். கோணல் இன்ஜினைப் பிளேடால் பிளந்து மறுபடி ஒட்டினேன். பெட்டிப் படத்தில் கார் சிவப்பு. நான் ஊதா அடித்தேன். நாங்கள் ரத்த எண்ணிக்கை பார்க்கப் பிடிக்கிற குழாயின் மூடி நிறம் அது. எத்தனை ஆயிரம் ஊதா மூடிகளை இந்தக் கையால் திருப்பியிருப்பேன்! மொட்டைமாடியில் ஸ்ப்ரே அடிக்கும்போது கீழ்வீட்டு அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, "என்ன பண்றீங்க?" என்றாள். "கார் பண்றேன்" என்றேன். என் பின்னால் ஏதாவது பெரியதாக இருக்கும் என்று எட்டிப் பார்த்தாள்.

கடைசியில் பாக்கியிருந்தது இன்ஜின் வயர்கள். பெட்டியில் அவை இல்லை. கடைக்காரரிடம் கேட்டதற்கு, "அதை எல்லாம் எக்ஸ்பர்ட்டுகள்தான் போடுவார்கள், இல்லாவிட்டாலும் பரவாயில்லை" என்றார். அப்படியானால் போட்டாக வேண்டும். எட்டு சிலிண்டருக்கு எட்டு வயர். பழைய இயர்போன் வயரை உரித்து உள்ளே இருந்த மெல்லிய இழைகளை எடுத்தேன். ஒவ்வொரு இழையையும் இன்ஜினில் நான் ஊசியால் குத்திய துளையில் நுழைக்க வேண்டும். சில காலைகளில் ஒன்றுகூட நுழையாது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை தாராவியிலிருந்து என் நாத்தனார் வந்தாள். பையில் பனங்கிழங்கு கொண்டுவந்திருந்தாள். என் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இழையைத் துளைக்குக் கொண்டுபோவேன், தவறும். மறுபடி கொண்டுபோவேன், தவறும். அவளுக்குப் பொறுக்கவில்லை.

"மைனி, கொண்டாங்க இங்க. ஒரு நிமிஷத்துல சொருவித் தாரேன்" என்று கையை நீட்டினாள்.

நான் அவள் கையில் ஓர் அடி வைத்தேன். அடிக்கவேண்டும் என்று நினைத்து அடிக்கவில்லை. அறையில் சத்தம் கேட்டது.

"தொடாத."

"ஐய, உதவிக்குத்தான மைனி வந்தேன்?" அவள் கண் கலங்கிவிட்டது.

"தெரியும்ட்டி. உன் கையால சொருவுனா அது ஒரு நிமிஷம். என் கையால சொருவணும். அதுக்குத்தான் இம்புட்டும்."

"அப்ப நான் என்னதான் செய்ய?"

"கெழங்க அவிச்சு வை. முழுத் தட்டு வை. பாதி வைக்காத."

அவள் முறைத்தாள். பிறகு சமையலறைக்குள் போய்ப் பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாக உருட்டினாள். கிழங்கு வெந்து இறங்குவதற்குள் ஒரு வயர் நுழைந்துவிட்டது. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்து, "இதுக்கா என்னைய அடிச்சீய?" என்றாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

மழைக்காலம் முடிந்த பிறகு, மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் மாடல் கண்காட்சி நடக்கிறது என்று கடைக்காரரே சொன்னார். காரை ஒரு செருப்புப் பெட்டியில் பஞ்சு வைத்து எடுத்துக்கொண்டு நானும் கணவரும் போனோம். வாசல் மேசையில் ஒரு இளம்பெண். என் பெயரைக் கேட்டதும் தமிழில் பேசினாள், பாதி ஹிந்தி கலந்து. சீட்டில் கையெழுத்துப் போட நான் பேனாவை எடுத்தபோது, வழக்கம்போல என் கை ஆடியது. அவள் கண் அங்கேயே நின்றது.

"ஆன்ட்டி, இந்தக் கையாலயா இதைச் செஞ்சீங்க?"

"ஆமா."

"ஓ மை காட்" என்று எழுந்துவிட்டாள். "ஸ்டேஜ் பக்கத்துல ஸ்பெஷலா ஒரு டேபிள் போட்டுத் தரேன். ஒரு கார்டு எழுதி வைக்கலாம். உங்க கை பத்தி, உங்க ஸ்டோரி பத்தி. எல்லாரும் எவ்ளோ இன்ஸ்பயர் ஆவாங்க தெரியுமா?"

அந்தப் பெண்ணின் முகத்தில் கள்ளம் இல்லை. அரை கிளாஸ் டீ ஊற்றியவர்களின் முகங்களிலும் இல்லை.

"மத்த கார் எல்லாம் எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"அந்த நீள டேபிள்ல. ஆனா அங்க ரஷ், உங்களது தெரியாது."

"அங்கதான் வைக்கணும். கை பத்திக் கார்டு வேண்டாம்."

"ஆன்ட்டி, நல்லதுக்குத்தானே சொல்றேன்."

கணவர் என் பக்கம் சாய்ந்து, "நல்லதுக்குத்தான சொல்லுது பிள்ள" என்று முணுமுணுத்தார்.

"ஸ்பெஷல் டேபிள்ல வச்சா வர்றவங்க என் கையைத்தான் பார்ப்பாங்க" என்றேன், இரண்டு பேருக்கும் சேர்த்து. "'ஐயோ பாவம், இவ்வளவு செஞ்சிருக்காளே'ன்னு போயிருவாங்க. ஒருத்தனும் காரைப் பார்க்கமாட்டான். ஏழு மாசம் நான் செஞ்சது கார். அதைப் பார்க்கச் சொல்லுங்க. முடியாதுன்னா பெட்டியில வச்சு வீட்டுக்குக் கொண்டுபோறேன்."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் எங்களையே பார்த்தார்கள். அப்போது என் கணவர் காரைப் பெட்டியிலிருந்து பூப்போல எடுத்தார். யாரிடமும் ஒன்றும் கேட்காமல் கூட்டத்துக்குள் நடந்துபோய், நீள மேசையில் ஒரு ஜீப்புக்கும் ஒரு பழைய டாக்ஸிக்கும் நடுவில் வைத்தார். அவர் எனக்காக ஒரு பொருளை எடுத்துக்கொண்டு போனதில் எனக்குக் கோபம் வராதது அந்த வருஷத்தில் அதுதான் முதல்முறை.

மதியம் நடுவர் வந்தார். நரைத்த தாடி, கையில் சின்ன டார்ச். ஒவ்வொரு காராகக் குனிந்து பார்த்து ஏதோ குறித்துக்கொண்டு வந்தார். என்னுடையதன் முன் நின்றார். நான் கையைப் புடவை மடிப்புக்குள் வைத்துக்கொண்டேன். அவர் டார்ச்சைச் சாய்த்து அடிச்சட்டத்தின் மேல் அடித்தார்.

"இது உங்களுடையதா?" என்றார் ஹிந்தியில். "இங்கே பாருங்கள். இரண்டு பாதியும் சேர்கிற கோடு தெரிகிறது. பெயின்ட் அடிக்கும் முன்னால் தேய்த்து எடுத்திருக்க வேண்டும்."

குனிந்து பார்த்தேன். தெரிந்தது. ஊதா நிறத்துக்கு அடியில் மயிரிழை போல ஒரு கோடு, சட்டம் நெடுக.

"வேறே?" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை போல. "இடது பின்சக்கரம் தரையைத் தொடவில்லை. பாராசூட் பை ரொம்பப் பளபளப்பு, துணி அப்படி மின்னாது. வயர் சரியான தடிமன், ஆனால் இரண்டு சிலிண்டருக்கு வரிசை மாறிப்போயிருக்கிறது. இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது." சொல்லிவிட்டு அடுத்த ஜீப்புக்குப் போய்விட்டார். முதுகில் தட்டவில்லை, 'பரவாயில்லை' என்று சொல்லவில்லை.

எனக்குப் பரிசு இல்லை. பரிசு ஒரு போர் டாங்கிக்குப் போனது. அதில் சேறு அப்பியிருந்த விதத்தைப் பார்த்தால் உண்மையிலேயே அதற்குத்தான் கொடுக்க வேண்டும். நான் கை வலிக்கத் தட்டினேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கணவர் கேட்டார். "அவ்வளவு நொட்டை சொல்லிட்டுப் போறாரு, நீ என்ன சிரிச்சுக்கிட்டே வார?"

"அவரு சொன்னதுல ஒண்ணாவது கை நடுங்குனதால வந்ததா, பாத்தீங்களா? தேய்க்கல, அது சோம்பேறித்தனம். வயர் மாறிப்போச்சு, அது தெரியாத்தனம். இதெல்லாம் யாருக்கும் வரும்."

"வயர் வரிசை எனக்குத் தெரியும்ளா. நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"கேட்டா சொருவ வந்திருப்பீங்க."

"அது வாஸ்தவம்" என்றார்.

கை இன்னும் நடுங்குகிறது. மாத்திரை போட்டும் நடுங்குகிறது. கவுன்டரில்தான் இருக்கிறேன், ஸ்டிக்கர்தான் ஒட்டுகிறேன். ஆனால் கண்காட்சிக்கு மறுநாளே கூட வேலை செய்கிற பெண்களிடம் சொல்லிவிட்டேன், இனி டீயை நிறைய ஊற்றுங்கள், சிந்தினால் துடைத்துக்கொள்கிறேன் என்று. சிந்தத்தான் செய்கிறது. துடைக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, காரின் சட்டத்தைத் தேய்க்க ஆரம்பித்தேன். ஊதா நிறம் தேய்ந்து தண்ணீரோடு விரலெல்லாம் ஓடியது. கணவர் எழுந்து வந்து பார்த்துப் பதறிப்போனார். "ஏளா, முடிச்ச வண்டிய என்னத்துக்குச் சொரண்டுத?"

"இன்னும் முடியல" என்றேன். "அந்த வயர் வரிசையச் சொல்லுங்க. கையைப் பின்னால கட்டிக்கிட்டு, வாயால மட்டும் சொல்லுங்க."

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார்.