யூசுப் பாய் இறுக்கிய பெல்ட்

செவ்வாய்க்கிழமை காலை யூசுப் பாயின் தம்பி எங்கள் பனியன் கம்பெனி வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, உள்ளே வராமல் நின்றார். "அண்ணன் தவறிட்டாருங்க. வெடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னாரு, அவ்வளவுதானுங்க" என்றார்.

திருப்பூரில் பனியன் மெஷினோ காரோ மக்கர் செய்தால் பாயைத் தேடிப் போனவர்கள் நம்மில் பலர். வேலையை முடித்துக் கொடுக்கும்போது அவர் சொல்லும் எச்சரிக்கையையும் கேட்டிருப்பீர்கள். "புது பெல்ட்ட நம்பாதீங்க. இருவது மைல் ஓட்டிட்டு நிறுத்துங்க. கட்டைவெரல்ல அமுக்கிப் பாருங்க. அரை இஞ்சுக்கு மேல உள்ள போனா நெகிழ்ந்திருச்சுன்னு அர்த்தம். எங்கிட்டக் கொண்டாங்க, இறுக்கித் தர்றன்." எனக்கும் இதையேதான் சொன்னார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. என் பழைய காருக்கு அன்று காலைதான் பாய் புது ஃபேன் பெல்ட் போட்டிருந்தார். பல்லடம் போய்த் திரும்பும்போது பெல்ட் கிறீச்சிட ஆரம்பித்தது. ஊர் வந்து பார்த்தபோது பாய் தொழுகைக்குப் போயிருந்தார். பனியன்காரன் புத்தி எப்படிப் போகும்? எங்கள் மெஷினில் எது சத்தம் போட்டாலும் எண்ணெய்தான் மருந்து. எண்ணெய்க் கேனை எடுத்து வந்து பெல்ட்டில் தாராளமாக விட்டேன். சத்தம் நின்றது. பெரிய மெக்கானிக் ஆகிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில் என் மனைவி ருக்மணி, நான்கு வயது மகள் வள்ளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். பனியன் மெஷின் ஊசி ஒன்றை என் சட்டைப் பையில் மறந்து வைத்திருந்தேன். குழந்தை அதை எடுத்து வாயில் போட்டுவிட்டது. பின்னும் ஊசிக்கு நுனியில் கொக்கி உண்டு; அது தொண்டையில் மாட்டியிருந்தது. பக்கத்துத் தெரு டாக்டர் பார்த்துவிட்டு, "கோயமுத்தூர் கொண்டு போயிருங்க. அழ விடாதீங்க, குலுங்க விடாதீங்க" என்றார். தொழுகை முடிந்து வந்த பாய் யாரும் கூப்பிடாமலே முன் சீட்டில் ஏறினார். "பெல்ட்டு இன்னும் இறுக்கலீங்க. நானும் வர்றன்" என்றார். எண்ணெய் விட்டதை நான் சொல்லவில்லை.

பல்லடம் தாண்டியதும் ஸ்டியரிங்குக்கு முன்னால் சிவப்பு எச்சரிக்கை விளக்கு எரிந்தது. சூடு காட்டும் முள் ஏறிக்கொண்டே போனது. பின் சீட்டில் குழந்தை மூச்சு விடும்போதெல்லாம் மெல்லிய விசில் சத்தம் கேட்டது.

"நிறுத்துங்க" என்றார் பாய்.

"முடியாதுங்க பாய். வண்டி ஓடுதில்ல?"

"இப்படியே போனா சூலூர் தாண்டாதுங்க. சூட்டுல எஞ்சின் புடிச்சு நின்னுரும்."

நான் நிறுத்தவில்லை. அவர் கை நீட்டிச் சாவியைத் திருப்பிவிட்டார். வண்டி ஓரமாக உருண்டு நின்றது. "உங்க புள்ளையா இருந்தா இப்படி நிறுத்துவீங்களா?" என்று கத்தினேன். பாய்க்குக் குழந்தை இல்லை. அது தெரிந்தேதான் கத்தினேன்.

அவர் இறங்கிப் பானெட்டைத் திறந்தார். பெல்ட்டைத் தொட்டு, விரலை மோந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எண்ணெய் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"என்னாச்சுங்க பாய்? காலைல நீங்கதானுங்களே போட்டீங்க?" என்று பின்னாலிருந்து அழுதாள் ருக்மணி.

"ஆமாங்க, நான் போட்டதுதான். நெகிழ்ந்துபோச்சு. இப்ப இறுக்கிர்றன். புள்ளைய நிமித்திப் புடிச்சுக்குங்க கண்ணு."

பனியன் வேஸ்ட் துணியால் எண்ணெயைத் துடைத்தார். டைனமோ போல்ட்டைத் தளர்த்தி, பெல்ட் இறுகும்படி டைனமோவைக் கம்பியால் நெம்பிப் பிடித்துக்கொண்டு போல்ட்டை மறுபடி முடுக்கினார். கொதிக்கிற எஞ்சினில் பட்டு முழங்கை பொசுங்கியது. கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். திருப்தி இல்லை, மறுபடியும் நெம்பினார். அவரைத் தள்ளிவிட்டுக் கிளம்பிவிடலாமா என்று இருந்தது எனக்கு. சூடு இறங்க வேண்டுமென்று மேலும் சில நிமிடங்கள் நிற்க வைத்தார். மொத்தம் பத்து நிமிடம் இருக்கும். அதற்குப் பிறகு கோயமுத்தூர் ஆஸ்பத்திரி வாசல் வரை வண்டி எங்கும் நிற்கவில்லை. ஊசியை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் வேறு பெல்ட் மாட்டும்போதுதான் அவர் அந்தப் பேச்சை எடுத்தார். "சத்தம் வந்தா எண்ணெய் உடறதெல்லாம் நம்ம மெஷினுக்குங்க. பெல்ட்டுல பட்டா வழுக்கும், ஃபேன் சுத்தாது, எஞ்சின் கொதிக்கும். பெல்ட்டு கத்துனா இறுக்கோணும்." அதோடு சரி.

ஆனால் ஊரில் வேறு கதை பரவியது. கல்யாண வீடுகளில் ருக்மணி சொல்வாள்: "பாய் போட்ட பெல்ட்டு நடுவழில நெகிழ்ந்துபோச்சு. எம்புள்ள பொழச்சது முருகன் புண்ணியம்." அதைக் கேட்டு இரண்டு முதலாளிகள் தங்கள் காரை அவரிடம் விடுவதை நிறுத்தினார்கள். அந்தப் பந்திகளில் நானும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒருமுறை மன்னிப்புக் கேட்கப் போனேன். "புள்ள நல்லாருக்குதில்லீங்க? உடுங்க" என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். எனக்கு அதுவே வசதியாகவும் இருந்தது.

அடக்கம் முடிந்ததும் ருக்மணியைப் பாய் வீட்டிலிருந்து அழைத்துக்கொண்டு திரும்பினேன். "தங்கமான மனுசன். அன்னிக்கு அந்த பெல்ட்டுல மட்டும் கோட்டை விட்டுட்டாரு" என்றாள். காரை ஓரம் கட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "மண்ணு போட்டதுக்கப்பறமா சொல்றீங்க?" என்றாள்.

அவர் எனக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் சுமந்த பழி இப்போது என்னிடம் வந்துவிட்டது. அவர் நினைவாக நான் வைத்துக்கொள்ளப்போவது அந்தப் பழியைத்தான். அவரைத் தெரிந்த எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த பெல்ட்டில் எண்ணெய் விட்டவன் நான்.