ஆடி ஞாயிற்றில் ஐந்து பேண்டுகள்

தில்லை நகர் சிக்னலில் பஸ் நின்றபோதுதான் அது தோன்றியது. ஜன்னலுக்கு வெளியே ஒரு கல்யாண மண்டப வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆனி மாதத்துக் கடைசி முகூர்த்தம். இன்னும் சில நாளில் ஆடி பிறந்துவிடும், அப்புறம் ஒரு மாதம் இந்தப் பக்கம் ஆள் எட்டிப் பார்க்காது என்று நினைத்தேன். பஸ் நகர்வதற்குள் போனை எடுத்து எங்கள் குழுவில் தட்டிவிட்டேன்: 'ஆடியில் கல்யாணம் கிடையாது. எல்லா மண்டபமும் காலி.'

எங்கள் குழு என்றால் திருச்சியைச் சுற்றி டெத் மெட்டல், பிளாக் மெட்டல் கேட்கிற நாற்பது சொச்சம் பேர். குரல் அடித்தொண்டையிலிருந்து உறுமலாக வரும், கிதார் ரம்பம் மாதிரி அறுக்கும், டிரம்ஸ் மூச்சு விடாது. அந்த வகைப் பாட்டு. ஐந்து பேண்டுகளை ஒரே மத்தியானத்தில் வாசிக்க வைக்க மூன்று மாதமாக இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஓட்டல் மாடியைக் கேட்டபோது மாதிரிக்கு ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினார்களாம். பாட்டு முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

எனக்கு இதில் சொந்த ஆசை ஒன்று இருந்தது. ஏற்பாடு செய்கிற அண்ணன் உறையூர்க்காரர், பகலில் கூரியர் ஆபீஸில் வேலை. அவர் பேண்டின் நான்கு பாட்டுகளை ஸ்ரீரங்கத்துக்கும் கல்லூரிக்கும் நடுவே ஹெட்போனில் இரண்டு வருஷமாகக் கேட்டுவந்தேன். நேரில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அந்த பேண்டை என்றில்லை, எந்த மெட்டல் பேண்டையும் நேரில் கேட்டதில்லை. அவர்களுடைய டிரம்மர் மேல்படிப்புக்கு வெளிநாடு கிளம்புகிறார். இந்தக் கச்சேரியோடு பேண்ட் முடிந்தது.

பத்து நிமிஷத்தில் அண்ணன் கூப்பிட்டார். "தங்கச்சி, இது எங்க யாருக்குமே தோணல பாரு." எனக்கு அன்றைக்கு முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

அம்மாவிடம் பொய் சொல்லவில்லை. "கச்சேரிம்மா. அஞ்சு குழு."

"எங்க?"

"உறையூர்ல. கல்யாண மண்டபத்துல."

"சாப்பாடு போடுவாங்களா?"

"இல்லம்மா."

"அப்பறம் எதுக்கு மண்டபம்?" என்று கேட்டுவிட்டு டப்பாவில் தயிர்சாதம் கட்டிக் கொடுத்தார்.

கல்லூரித் தோழி ஒருத்தியையும் இழுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கு உறையூரில் இறங்கினேன். தெருமுனையிலேயே நின்றுவிட்டேன். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வேப்பிலைத் தோரணம். மஞ்சள் புடவையில் பெண்கள். கூழ் காய்ச்சுகிற அண்டாக்கள் வரிசையாக. மண்டபத்துக்கு நேர் எதிரே விளக்குக் கம்பத்தில் இரண்டு கூம்பு ஸ்பீக்கர்கள், மண்டப வாசலைப் பார்த்தபடி.

ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவளுக்கு ஆடி என்றால் பதினெட்டாம் பெருக்கு, ஆற்றங்கரை, அவ்வளவுதான். ஆடி ஞாயிறு என்றால் மாரியம்மனுக்குக் கூழ் என்பது தெரியாதது இல்லை. ஆனால் மண்டபம் காலி என்று கணக்குப் போட்ட மூளை, தெரு நிறைந்திருக்கும் என்று கணக்குப் போடவில்லை.

அண்ணன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "மண்டபம் காலியாத்தான் இருக்கு தங்கச்சி. நீ சொன்னது சரிதான்," என்றார். அந்தக் கிண்டலுக்குத் திட்டியிருந்தாலே தேவலை.

உள்ளே வேறு பஞ்சாயத்து. மண்டப மேனேஜர் மேடைப் படியில் குறுக்கே நின்றுவிட்டார். "மணமேடைங்க இது. செருப்புக் கால் ஏறப்படாது." முழங்கால்வரை பூட்ஸ் மாட்டி வந்திருந்த தஞ்சாவூர் பேண்ட்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவற்றைக் கழற்றவே கால் மணி நேரம் ஆயிற்று. மேனேஜருக்கு எல்லோருடைய கறுப்புச் சட்டையும் புரியவில்லை. "மாலை போட்டிருக்கீங்களா தம்பி? அதுக்கு இன்னும் நாள் கிடக்கே," என்றார்.

முதல் அடி விழுந்தபோது நான் ஸ்பீக்கருக்கு நேர் முன்னால் நின்றிருந்தேன். ஹெட்போனில் அந்த டிரம்ஸ் தையல் மிஷின் மாதிரிதான் இருக்கும். இங்கே, காவிரிப் பாலத்தில் நடக்கும்போது பக்கத்து ரயில் பாலத்தில் வண்டி போனால் உள்ளங்காலில் ஏறுமே, அது. நெஞ்செலும்பில் ஏறி அங்கேயே நின்றது. மேலே மின்விசிறிகள் கொக்கியில் கடகடத்தன. என்னால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. முன்னால் போனேன், பின்னால் வந்தேன், தோழியின் கையைப் பிடித்தேன், விட்டேன். நடுக்கூடத்தில் பையன்கள் வட்டமாக ஓடி மோதிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் விழுந்தால் நாலு பேர் தூக்கி நிறுத்தினார்கள். "அடிச்சுக்கிறானுங்களா, விளையாடுறானுங்களா?" என்று தோழி காதில் கத்தினாள். "ரெண்டும்," என்றேன்.

திருச்சி பேண்ட் ஒன்று, தஞ்சாவூர் பேண்ட் ஒன்று முடிந்தன. மணி மூன்றே முக்கால். அப்போது கோயில் கமிட்டியிலிருந்து மஞ்சள் புடவை கட்டிய ஓர் அக்கா நேராக உள்ளே வந்தார். அண்ணனைத் தேடிப்பிடித்து, "நாலு மணிக்குக் கரகம் வருது. மண்டபத்தைத் தாண்டுறவரைக்கும் எதுவும் வாசிக்கக் கூடாது தம்பி," என்றார்.

"எவ்வளவு நேரம்க்கா ஆவும்?"

"அது ஆத்தா நடக்குற நடைல இருக்கு."

ஆறு மணிக்கு மண்டபத்தைக் காலி செய்ய வேண்டும் என்று மேனேஜர் வாடகை பேசும்போதே சொல்லியிருந்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. இப்போது தெரிந்தது, சாயங்காலம் கோயில் அன்னதானம் இங்கேதான்.

மிச்சம் மூன்று பேண்டுகள்: கோயம்புத்தூர், மதுரை, கடைசியில் அண்ணனுடையது. அண்ணன் யோசிக்கவே இல்லை. "வெளியூர்க்காரங்க மொதல்ல வாசிக்கட்டும். வீட்டு ஆளுங்க கடைசிப் பந்தி," என்றார். பந்தியில் மிஞ்சினால்தான் சாப்பாடு என்பதை அவர் சொல்லவில்லை. டிரம்மர் தலையாட்டிவிட்டு இரண்டு குச்சிகளையும் தொடையில் தட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

என் யோசனை, என் மாதம், என் மண்டபம். நான் கேட்க வந்த பேண்டுக்கு நேரமில்லை.

உள்ளே இருக்க முடியாமல் தெருவுக்கு ஓடினேன். நாலு இருபது. கரகம் இன்னும் தெருமுனையில். பம்பை உச்சத்தில் அடித்துக்கொண்டிருக்க, ஒருவருக்கு அருள் வந்து ஆடிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து அண்ணனிடம் சொன்னேன். மறுபடி ஓடினேன். நாலு முப்பத்தைந்து, நாலு வீடு தாண்டியிருந்தது. ஒவ்வொரு வாசலிலும் கரகக்காரரின் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, ஆரத்தி எடுத்து, பிள்ளைகளுக்குத் திருநீறு வாங்கி. வீட்டுக்கு இரண்டு, மூன்று நிமிஷம். மண்டபம்வரை இன்னும் பதினேழு வீடு.

எங்கே நேரம் போகிறது என்று பார்த்தேன். குடம் நிரப்புவதில். கரகம் வாசலுக்கு வந்தபிறகுதான் உள்ளே ஓடுகிறார்கள். அடிபம்பில் ஒரே வரிசை. நான் ஒரு குடத்தைப் பிடுங்காத குறையாக வாங்கி நிரப்பி, மஞ்சள் கரைத்து அடுத்த வீட்டு வாசலில் கொண்டு வைத்தேன். பிறகு அதற்கடுத்த வீட்டில். தோழி புலம்பிக்கொண்டே பம்பு அடித்தாள். கமிட்டி அக்கா என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"தலைமுடியக் கட்டும்மா மொதல்ல."

கட்டினேன்.

"அது என்ன சட்டைல வேர் வேரா ஓடுது?"

"பேண்டு பேருக்கா."

"ஒரு எழுத்தும் தெரியலையே."

"தெரியாம எழுதுறதுதான்க்கா அதுக்கு அழகு."

"நல்ல அழகு," என்று சொல்லிவிட்டு அடுத்த வாசலைப் பார்த்து, "ஏய், ஆரத்தித் தட்டு ரெடியா? புள்ள தண்ணி கொண்டாந்து வச்சிருச்சு," என்று குரல் கொடுத்தார்.

பம்பையும் டிரம்ஸும் சேர்ந்து ஏதோ நடந்தது என்று எழுத ஆசைதான். அப்படி எதுவும் இல்லை. கரகம் மண்டபத்தைத் தாண்டுகிறவரை உள்ளே எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கோயம்புத்தூர் பாடகர் இரண்டு சொம்பு கூழ் குடித்தார். அவ்வளவுதான். ஐந்து மணிக்குத் தெரு எங்களுக்குக் கிடைத்தது.

கோயம்புத்தூர்க்காரர்கள் வேகமாக வாசித்தார்கள். மதுரைக்காரர்கள் ஒரு பாட்டைத் தாங்களே குறைத்துக்கொண்டார்கள். நல்ல பேண்டுகள்தான். ஆனால் நான் கேட்டதைவிட மணி பார்த்ததுதான் அதிகம். மஞ்சள் தண்ணீரில் நனைந்த ஜீன்ஸ் காலோடு ஒட்டியது. ஐந்து ஐம்பத்துமூன்றுக்கு அண்ணன் வெறுங்காலோடு மேடை ஏறினார்.

சவுண்ட் செக் இல்லை, வணக்கம் இல்லை. நான்கு பாட்டில் நீளமானதை எடுத்தார்கள். பஸ்ஸில் எத்தனையோ தடவை கேட்ட பாட்டு. மெதுவாக நடந்து, நடுவில் திடீரென்று சரிந்து விழும். அந்த இடத்துக்காகத்தான் வந்திருந்தேன். நடந்துகொண்டே இருந்தது. மேனேஜர் மெயின் சுவிட்ச் பக்கத்தில் போய் நின்றார். சரிவு தொடங்கி பத்து நொடிகூட ஆகியிருக்காது, கரண்ட் போய்விட்டது. மணி ஆறு. மனுஷர் சொன்ன சொல் தவறவில்லை.

கிதார்கள் செத்தன. டிரம்மர் நிறுத்தவில்லை. மைக் இல்லாத உறுமல் மேடையிலிருந்து சின்னதாக, ஒரு மனிதர் இருமுகிற அளவுக்கு வந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. பின்கதவு வழியே சோற்று அண்டாக்கள் உள்ளே வந்துகொண்டிருந்தன. டிரம்மர் குச்சிகளைப் பையில் போட்டார்.

"மன்னிச்சிருங்கண்ணா," என்று அண்ணனிடம் சொன்னேன்.

"எதுக்கு? நீ தண்ணி தூக்கலன்னா இந்த ஏழு நிமிஷமும் கிடையாது," என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு ஆறவில்லை. சரிவின் மிச்சம் எப்படி இருக்கும் என்பதை நினைத்து உள்ளங்கை அரித்தது.

பஸ் ஸ்டாப்பில் தோழிதான் ஆரம்பித்தாள். அவள் வீடு ஜீயபுரத்தில், வாழைத் தோப்புக்கு நடுவில். "எங்கப்பா வாழைத்தார் அடுக்குற தகரக் கொட்டகை ஒண்ணு இருக்கு. சுத்தி மனுச வாடையே கிடையாது. பம்புசெட்டுக்குக் கரண்டு பகல்ல வரும்."

"ஏண்டி இத இவ்வளவு நாளா சொல்லல?"

"நீ கேட்டியா? ஆனா அப்பாகிட்ட நீதான் பேசணும். நான் வாயத் தொறக்க மாட்டேன்."

இதை எழுதுவது மறுநாள், திங்கள் காலை. டிரம்மருக்கு சனிக்கிழமை விமானம். அதற்குள் அந்தப் பாட்டை ஒரு தடவையாவது முழுசாக வாசித்துவிட வேண்டும். செவ்வாயும் வெள்ளியும் அம்மனுக்குப் போக, மிச்சம் புதனும் வியாழனும். அண்ணன் புதனுக்கு லீவு கேட்டிருக்கிறார். இன்று பத்து மணிக்கு எனக்கு ஜீயபுரம் பஸ். தோழியின் அப்பாவிடம் கொட்டகையைக் கேட்பதற்கு முன்னால், இந்த வாரம் அந்தப் பக்கம் எந்தக் கோயிலிலாவது திருவிழாவுக்குக் காப்பு கட்டியிருக்கிறார்களா என்று கேட்டுவிடப் போகிறேன்.