அம்மைக் கிருமியைக் காவல் காத்தது யார்?

பாலக்கரை ஆபிதா நாற்பத்து மூன்று வயதில் ஆராய்ச்சி மாணவியானதற்கு அவளுடைய அத்தாதான் காரணம். அவளுடைய அப்பா நஸ்ருல்லா துபாயில் ஏசி மெக்கானிக்காக இருந்து ஊர் திரும்பியவர். எழுபது வயதில் அவருக்கு விலாவில் கொப்புளம் கொப்புளமாக அக்கி வந்தது. சட்டை பட்டாலே துடித்தார். சிறுவயதில் வந்த சின்னம்மையின் கிருமிதான் இது என்றார் தென்னூர் டாக்டர். அது நரம்புக்குள் அடங்கிக் கிடந்ததாம். எதிர்ப்புச் சக்தி தளர்ந்ததும் கிளம்பிவிட்டதாம்.

"இத்தனை வருஷமா உள்ளேயே இருந்துச்சா டாக்டர்? அப்ப அதைக் காவல் காத்தது யாரு? அவங்களுக்கு இப்ப என்ன ஆச்சு?" என்று கேட்டாள் கூடப் போயிருந்த ஆபிதா.

"அது பெரிய கதைங்க" என்று சிரித்துக்கொண்டே டாக்டர் அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அத்தாவுக்குக் குணமான பிறகும் ஆபிதா அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கல்லூரியில் புரோகிராமிங் சொல்லிக்கொடுத்தபடியே பகுதி நேர ஆராய்ச்சிக்குப் பதிவு செய்தாள். அவளுடைய வழிகாட்டி ரெங்கராஜ் உயிரியல் பேராசிரியர். கிருமிகளை அடையாளம் காணும் ஒருவகை வெள்ளணுக்கள் நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் தயாராகின்றன என்றும், வயது ஏற ஏற அது சுருங்கிவிடும் என்றும் அவர் விளக்கினார். ஆபிதா அதையே புரோகிராமில் விதியாக எழுதி, கம்ப்யூட்டருக்குள் ஆயிரக்கணக்கான மனிதர்களைப் பிறக்கவைத்து, அவர்களுக்கு வயதாக விட்டாள்.

ஐம்பதைத் தாண்டுவதற்குள் அந்த அணுக்கள் தீர்ந்துபோய், பெரும்பாலோர் நோயில் செத்துப்போனார்கள்.

"சார், இந்தக் கணக்குப்படி எங்கத்தா இப்ப உயிரோடவே இருக்கக் கூடாது. அவரு என்னடான்னா பரோட்டா சாப்பிட்டுட்டு கடைத்தெருவுக்குப் போயிருக்காரு."

"அப்ப உங்கத்தா சரி, புரோகிராம்தான் தப்பு. என்ன விட்டுப்போச்சுன்னு பாருங்கம்மா."

தேடித்தேடிப் படித்ததில் பிடிபட்டது. சுரப்பி ஓய்ந்தாலும், ஏற்கெனவே உள்ள அணுக்கள் பிரிந்து தங்களைப் போலவே வேறு அணுக்களை உண்டாக்குகின்றன. அதைச் சேர்த்ததும் அவளுடைய மனிதர்கள் எண்பதைத் தொட்டார்கள். ஒவ்வொரு அணு வகைக்கும் ஒரு நிறம் கொடுத்துப் பார்த்தாள். இருபது வயதில் திரை முழுக்கப் பல நிறப் பொடிகளாகத் தெரிந்தது. எழுபதில் நாலைந்து நிறங்களே திட்டுத்திட்டாகப் பரவிக் கிடந்தன. எண்ணிக்கை அவ்வளவாகக் குறையவில்லை, வகைகள்தான் குறைந்திருந்தன. சின்னம்மைக் கிருமியை அடையாளம் காணும் அணுக்களின் நிறம் சிலருக்குள் மற்ற நிறங்களின் நெருக்கடியில் ஒடுங்கிப்போயிருந்தது. சிலருக்குள் கடைசிவரை நிலைத்தது.

அத்தாவைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"இதுல நான் யாரும்மா?"

"யாருமே நீங்க இல்ல அத்தா. எல்லாம் கணக்குதான்."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பிச்சமுத்துக்கும் என் வயசுதான். ஸ்கூல்ல ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தான் அம்மை போட்டுச்சு. அவனுக்கு ஏன் அக்கி வரல?"

ஆபிதா தன் விதிகளைத் திரும்பப் படித்துப் பார்த்தாள். அவளுடைய மனிதர்கள் எல்லாருக்கும் ஒரே விதிதான். தற்செயல் ஒன்றே அவர்களை வேறுபடுத்தியது. நிஜ உடம்பில் தற்செயலின் பங்கு எவ்வளவு, வாழ்ந்த வாழ்க்கையின் பங்கு எவ்வளவு? ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தை இந்தக் கேள்வியோடு முடித்தாள். பட்டம் வாங்கிய பிறகும் அதையே தொடர்ந்து ஆராய்கிறாள்.

நஸ்ருல்லா, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, அக்கி மறுபடி வராமலிருக்கத் தடுப்பூசி போட்டுக்கொண்டார். வரமாட்டேன் என்ற பிச்சமுத்துவையும் விடாமல் ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப்போனார்.